கடைசி வண்டிக்காரி

ஜூன் 11, செவ்வாய்

முகம் கழுவிய தண்ணீர் இன்றும் செங்கல் நிறம். மூன்று தடவை மாற்றியும் அதே நிறம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கொட்டிடாத, பின்பக்கச் சுவரு பூசலாம்" என்றாள்.

பயணிகளே ஓட்டுகிற நாலு சக்கர மோட்டார் பைக், மண்பாதையில் பன்னிரண்டு வண்டி போனால் பதினொரு வண்டியின் புழுதி கடைசி வண்டிக்கு. ஏழு வருஷமாக அந்தக் கடைசி வண்டி நான்தான். முன்னால் யுரி, நடுவில் பயணிகள், பின்னால் நான். யாராவது வண்டியோடு பள்ளத்தில் இறங்கினால் தூக்கி விடவேண்டும். பயந்து நடுவழியில் நின்றால் தட்டிக்கொடுத்து ஓட்டவைக்க வேண்டும். ரேடியோவில் யுரி "கடைசி?" என்று கேட்டால் "கடைசி சரி" என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்வேன். தூக்கத்திலும் சொல்கிறேனாம், அம்மா சொல்கிறாள்.

ஆனால் இன்று சட்டைப் பையில் அட்டை இருந்தது! வழிகாட்டி அட்டை. என் போட்டோ, என் பெயர் – மர்லேனி பில்கோ. நான்கு வருஷம் மாலை வகுப்பு, குஸ்கோவுக்குப் போய் வந்த பஸ்ஸிலேயே பாதிப் படிப்பு, முப்பத்தாறு வயதில் பரீட்சை. முதல் வேலையாக முதலாளி தோன் லியோன்சியோவிடம் காட்டினேன் – ஆணுக்குத் 'தோன்', பெண்ணுக்குத் 'தோன்யா', எங்கள் பக்கத்து மரியாதை அது. வண்டிகளெல்லாம் அவருடையவை, ஓட்டுகிற நாங்களும் கிட்டத்தட்ட அவருடையவர்கள். அட்டையைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"போட்டோ நல்லா விழுந்திருக்கே. சந்தோஷம்மா."

"அப்போ நானும் முன்னால போலாமா, தோன்?"

"போலாம், போலாம். சீசன் முடியட்டும். முன்னால ஒரு பொம்பள போனா வர்றவங்க கொஞ்சம் யோசிப்பாங்க. உனக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாதுதான். யார் யோசித்தார்கள்? ஏழு வருஷத்தில் ஒருவர்கூட என்னிடம் வந்து யோசிக்கவில்லையே.

போன வருஷமும் சீசன் முடியட்டும் என்றுதான் சொன்னார். அப்போது அட்டை இல்லை, வாயை மூடிக்கொண்டேன். இப்போது அட்டை இருக்கிறது. இந்த வருஷம் முன் வண்டி எனக்கு வேண்டும். எழுதி வைத்துவிட்டேன்.

ஜூன் 12, புதன்

கடைசி சரி. கடைசி சரி. கடைசி சரி. வேறொன்றும் எழுத இல்லை.

ஜூன் 14, வெள்ளி

மொராயில் யுரி இன்று விண்கலத்தை இறக்கினான். எங்கள் முன்னோர்கள் வெட்டிய, வட்டம் வட்டமாக இறங்குகிற அந்தப் படிக்கட்டு வயல்களைக் கைகாட்டி, "ஏன் இவ்வளவு கச்சிதமான வட்டம்? மேலிருந்து யார் பார்க்க வேண்டும்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். பயணிகள் வாய் பிளந்து வானத்தைப் பார்த்தார்கள். குஸ்கோ நகரத்துப் பையன், மூன்று மொழி பேசுவான், பார்க்க நன்றாக இருப்பான், வண்டியும் நன்றாக ஓட்டுவான் – அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் புளுகு.

ஒரு அம்மாள் மெதுவாகப் பின்தங்கி வந்து என்னிடம் கேட்டாள், "நெஜமாவா?"

"அது அவனோட விண்கலம்மா. எங்க ஆளுங்க உருளைக்கிழங்கப் பத்தித்தான் யோசிச்சிருப்பாங்க" என்றேன். மேல் வட்டத்துக் குளிரும் கீழ் வட்டத்துக் குளிரும் ஒன்றல்ல என்பதையும், எந்தப் பயிர் எந்தக் குளிரைத் தாங்கும் என்று பார்த்திருக்கலாம் என்று அறிஞர்கள் சொல்வதையும், உறுதியாக யாருக்கும் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். நாலு பேர் கூடிவிட்டார்கள். யுரி திரும்பிப் பார்த்தான்.

"மர்லேனி, நீ டாய்லெட் எங்கேன்னு மட்டும் காட்டு. போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

மதியம் மக்காச்சோளக் கள் வந்தபோது முதல் சொட்டைத் தரைக்கு விடாமல் அப்படியே கவிழ்த்துக் குடித்தான். மண்ணின் மேல்தான் நாள் பூராவும் ஓட்டுகிறோம், அதற்கு ஒரு வாய் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அவன் பங்கையும் சேர்த்து நானே ஊற்றினேன். எனக்குக் குடிக்க அரைக் குவளைதான் மிஞ்சியது.

ஜூன் 16, ஞாயிறு

ஜூன் குளிரின் உறைபனி வந்துவிட்டது. விடியற்காலை வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு தகடு. அம்மா அதை உடைத்துக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். "இன்னைக்கே போட்டுடலாம்" என்றாள். எங்கள் ஊர் வைராபத்தாவில் வருஷம் முழுக்க இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் காத்திருப்போம்.

ஐந்து வீட்டு உருளைக்கிழங்கும் ஊருக்கு மேலே இருக்கிற புல்வெளிக்கு, மேல்வெளிக்குப் போனது. கோவேறு கழுதை மூன்று சுமந்தது போக மீதி எங்கள் முதுகில். புல்லின் மேல் ஒன்றையொன்று தொடாமல் ஒவ்வொரு கிழங்காகப் பரப்பினோம். இரவில் உறைய வேண்டும், பகலில் இளக வேண்டும், நாலைந்து நாள் கழித்து வெறுங்காலால் மிதித்து நீரைப் பிழிந்து, மறுபடி காயப்போட்டால் சுன்யோ. கல் மாதிரி ஆகிவிடும். பத்து வருஷம் வைத்தாலும் கெடாது.

பக்கத்து வீட்டு தோன்யா சதுர்னினாவின் கிழங்குதான் அதிகம். புருஷன் போனபின் தனி ஆள், வருஷத்துச் சாப்பாடே அதுதான். என் வரிசையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"என்ன மகளே, கோணல்மாணலாப் போகுது? வண்டி ஓட்டி ஓட்டிக் கையும் ஸ்டியரிங் ஆயிடுச்சா?"

எல்லா வீட்டுக்கும் எல்லோரும். அதற்குப் பெயர் ஐனி. இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு, யாரும் எழுதி வைப்பதில்லை, யாரும் மறப்பதும் இல்லை. மாலையில் முதுகு விட்டுப்போச்சு. ஆனால் திரும்பிப் பார்த்தபோது வெளி முழுக்கக் கிழங்கு, அதற்கப்பால் சிக்கோன் மலை வெள்ளையாக. நல்ல நாள்.

நாளை மறுநாள் யுரியிடம் சொல்லிவிட வேண்டும், மேல்வெளிப் பக்கம் வண்டியைத் திருப்பாதே என்று. எப்போதும் சாலையோடுதான் போவான். இருந்தாலும் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 18, செவ்வாய்

சொல்லவில்லை.

ஜூன் 18, மறுபடியும்

எழுதித்தான் ஆக வேண்டும். நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் குஸ்கோவிலிருந்து வரவேண்டிய வேன் டயர் பஞ்சராகி ஒரு மணி நேரம் தாமதம். வண்டிக் கொட்டகையில் எல்லோரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நின்றார்கள். நான் ஆரம்பித்தேன், "யுரி, மேல்வெளியில..." அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கடைசி வண்டி கடைசியாப் பேசட்டும். இப்ப நேரமில்ல" என்றான். மெக்கானிக் எஃப்ராயின் சிரித்தான். பயணிகளும், எதற்கென்று தெரியாமலே.

சுர்ரென்று ஏறியது. போடா, உனக்கு எதுக்குச் சொல்லணும், நீயே பட்டுத் தெரிஞ்சுக்கோ – இப்படித்தான் நினைத்தேன். மறைத்து என்ன பிரயோஜனம்? இதை வேறு யார் படிக்கப் போகிறார்கள்?

பத்து மணிக்கு மேல் அவன் சாலையை விட்டு மேல்வெளிப் பக்கம் திருப்பினான், இருபது நிமிஷம் மிச்சம் பிடிக்க. முன் வண்டி திரும்பியதை நான் பார்த்தேன். என் கையில் ரேடியோ இருந்தது. பொத்தானின் மேல் கட்டைவிரல் இருந்தது. "நில்" என்று ஒரே வார்த்தை. சொல்லலையே! அவன் கேட்பான், கடைசி என்று கேட்பான், அப்போது சொல்லலாம் என்று இருந்தேனா? அல்லது மாட்டிக்கொள்ளட்டும் என்று இருந்தேனா? எத்தனை விநாடி? மூன்று? நான்கு?

தூரத்திலிருந்து பார்த்தால் கூழாங்கல் மாதிரிதான் தெரியும். நகரத்துக்காரனுக்குக் கூழாங்கல்தான். கூழாங்கல்லில் வண்டி ஓட்டுவது அவனுக்கு விளையாட்டு. பதினொரு வண்டி அவன் பின்னால்... வெயிலில் பாதி இளகியிருந்த கிழங்கு, சக்கரத்தில் நசுங்கி, மண்ணோடு மண்ணாக. என் வண்டி மட்டும் ஓரத்தில் நின்றது. அதனால் என்ன? நான் யோக்கியமா?

தோன்யா சதுர்னினா மேட்டிலிருந்து ஓடிவந்தாள். கத்தவில்லை. ஒரு கிழங்கை எடுத்தாள், துடைத்தாள், மறுபடி கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

பாதிக்கு மேல் போய்விட்டது. எங்கள் வீட்டுக் கிழங்கும்தான்.

ஜூன் 19, புதன்

ஊர்க்காரர்கள் பாதையை மறித்துவிட்டார்கள். ஆள் உயரப் பாறை இரண்டு, அதற்கு முன்னால் ஒரு பள்ளம். மேல்வெளிச் சாலை வைராபத்தாவின் நிலம், அது இல்லாமல் மொராய்க்கு மண்பாதையில் போக வழியே இல்லை. வண்டிகள் கொட்டகையில் வரிசையாக நிற்கின்றன, மாட்டுச் சந்தை மாதிரி.

தோன் லியோன்சியோ குஸ்கோ சந்தையில் நாலு மூட்டை சுன்யோ வாங்கிக்கொண்டு பிக்கப்பில் வந்தார். தோன்யா சதுர்னினா மூட்டைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். "இது யாரு மிதிச்சது?" என்றாள். அவருக்கு என்ன தெரியும்? "தெரியாத கால் மிதிச்சத நான் திங்கணுமா?" என்று மூட்டையைக் கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வண்டி ஏறும்போது தோன் லியோன்சியோ என் பக்கம் குனிந்து, "உங்க ஊர் ஜனங்களோட பேசு. இல்லன்னா யுரிக்கும் வேலை இல்ல, உனக்கும் இல்ல" என்றார்.

அம்மா என்னோடு பேசவில்லை. சூப்பை வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மீதிக் கிழங்கைப் பொறுக்கிக் கழுவி மறுபடி பரப்பியிருக்கிறார்கள். நான் போனபோது ஒருவரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அதைவிடத் திட்டியிருக்கலாம்.

ஜூன் 20, வியாழன்

ஊர்க்கூட்டம். பள்ளிக்கூட முற்றத்தில் ஆண்கள் பெஞ்சில், பெண்கள் போர்வை விரித்துத் தரையில். ஊர்த் தலைவர் தோன் மெலிதோன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, பாதையை நிரந்தரமாக மூடலாமா என்று கேட்டார். பாதிக் கைகள் உடனே எழும்பின.

நான் எழுந்தேன். நான்கு வருஷம் மேடையில் பேசக் கற்றுக்கொடுத்தார்கள், ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"யுரிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றேன். "கிழங்கு அங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். கையில ரேடியோ இருந்துச்சு. நான் சொல்லல."

அம்மா அண்ணாந்து என்னைப் பார்த்தாள். இரண்டு நாளில் முதல் தடவை.

தோன்யா சதுர்னினா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். "தெரிஞ்சும் ஏன் வாயத் தொறக்கல?"

"கோவம்."

"யாரு மேல?"

"யுரி மேல."

"அப்போ அவன் மேல வண்டிய ஏத்தியிருக்கணும். என் கிழங்கு உன்ன என்ன பண்ணுச்சு?"

ஒரு பெஞ்சு முழுக்கச் சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சிரிப்பும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டேன், "நான் என்ன செஞ்சா சரியாகும், தோன்யா? சொல்லுங்க, செய்யிறேன்."

அவள் யோசித்தாள். சனிக்கிழமை மிதிக்க வேண்டும், இளவட்டங்களெல்லாம் சூரியத் திருவிழாவுக்கு ஆட குஸ்கோ போய்விட்டார்கள், ஊரில் இருப்பது கிழட்டுக் கால்கள்தான் என்றாள். பிறகு சொன்னாள்:

"சக்கரம் மிதிச்சதுக்குக் கால் வந்து மிதிக்கட்டும். யாரு யாரு ஓட்டினாங்களோ அந்தக் கொட்டகையிலிருந்து ஆளு வரணும். வண்டியில இல்ல, நடந்து. செருப்பக் கழட்டிட்டு. வந்தா பாதையப் பத்திப் பேசலாம். வரலன்னா அந்தப் பாறைக்கு மேல இன்னொரு பாறை."

"இருபது காலாவது கொண்டுட்டு வர்றேன்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்? என்னிடம் இருப்பது இரண்டு.

ஜூன் 21, வெள்ளி

தோன் லியோன்சியோ முடியாது என்றார். "நான் சுற்றுலா நடத்துறேன்மா. கிழங்கு மிதிக்கிற கம்பெனி நடத்தல." சனிக்கிழமை பத்துப் பேர் வருகிறார்கள், அவர்களைத் தார்ச்சாலையிலேயே வேனில் மராஸ் உப்புப் பாத்திகளுக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு அனுப்ப வேண்டுமாம். யுரி ஒரு மூலையில் உட்கார்ந்து ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கனவே சுத்தமாக இருந்ததைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

வெளியே வந்ததும் என் பின்னால் வந்தான். "கூட்டத்துல என்ன சொன்ன? எனக்குத் தெரியாதுன்னா சொன்ன?"

"தெரியாதுதானே?"

"நீ சொல்ல வந்தப்ப நான்தானே வாய அடைச்சேன். அதச் சொல்லலையா?"

"அத நீயே வந்து சொல்லிக்கோ."

கொட்டகைக்குள் திரும்பிப் போய்விட்டான்.

ஜூன் 22, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். சந்தோஷத்தில் எல்லாம் முந்திக்கொண்டு வருகிறது.

ஏழரைக்கு வேன் வந்தது. முதலாளி இன்னும் வரவில்லை. பத்துப் பேரையும் கொட்டகை வாசலில் நிறுத்தி அட்டையைக் காட்டினேன். "நான் மர்லேனி. உங்க வழிகாட்டி" என்றேன். முதல் தடவை சொல்கிறேன், குரல் கீச்சென்று வந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வண்டி இன்று மொராய் போகாது, ஏன் போகாது, யார் தப்பு. பிறகு சொன்னேன், "விருப்பப்பட்டவங்க வேன்ல உப்புப் பாத்தி பார்க்கப் போகலாம். இல்லன்னா என்னோட ஒரு மணி நேரம் நடந்து வந்து, செருப்பக் கழட்டி, உறைஞ்ச கிழங்க மிதிக்கலாம். கால் மரத்துப்போகும். அப்புறம் அங்கேருந்து மொராய்க்கு நடந்தே கூட்டிட்டுப் போறேன்."

வேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். போச்சு என்று நினைத்தேன். அப்போது ஒரு நெட்டை டச்சுக்காரர், கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். "இங்கயே வேண்டாங்க, அங்க போய்!" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிலியிலிருந்து வந்த இரண்டு நர்ஸுகள், "காலுக்குத்தான் நாங்க இருக்கோமே, வெரல் கறுத்தா வெட்டி எடுத்துடுறோம்" என்றார்கள். பத்துப் பேரும் வந்தார்கள். பத்துப் பேரும்! எஃப்ராயின் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வந்தான். கடைசியில், வரிசையின் வாலில், யுரி.

மேல்வெளியில் ஊர் நின்றுகொண்டிருந்தது. தோன்யா சதுர்னினா இடுப்பில் கைவைத்துக்கொண்டு எண்ணினாள். "இருபதுன்னாளே, இருபத்தாறு இருக்கே" என்றாள். டச்சுக்காரர் ஷூவைக் கழற்றியதும் கிட்டே போய்க் குனிந்து பாதத்தைப் பார்த்தாள். "மகளே, இந்த ஆளக் கேளு, இந்தக் காலை எங்கிட்ட விட்டுட்டுப் போவாரான்னு. எனக்கு ஆயுசுக்கும் போதும்." நான் மொழிபெயர்த்தேன். அவர் ரொம்ப யோசித்துவிட்டு, ஒரு காலை மட்டும் தரலாம், ஊருக்குத் திரும்ப ஒன்று வேண்டும் என்றார். அவள் சிரித்த சிரிப்பில் கோவேறு கழுதை மிரண்டது.

யுரி அவள் முன்னால் போய் நின்றான். "தோன்யா, இவ சொல்ல வந்தா. நான்தான் வாய அடைச்சேன்."

"சரி. இப்ப வாய விட்டுட்டு காலைக் குடு."

மிதித்தோம். குவியலின் மேல் ஏறி, குதிகாலால் அழுத்தி, திருப்பி, நீர் பீச்சி அடிக்க, தோல் உரிய. முதல் ஐந்து நிமிஷம் ஊசி குத்துகிற வலி, அப்புறம் கால் இருக்கிறதா என்றே தெரியாது, அப்புறம் திடீரென்று சூடு. தாளம் வேண்டும் என்று அம்மா பாட ஆரம்பித்தாள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வட்டமாகச் சுற்றினோம். அம்மாவின் கை என் தோளில் இருந்தது.

பதினோரு மணிக்கு பிக்கப் பாறைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. தோன் லியோன்சியோ பள்ளத்தைத் தாண்டி வந்து, "என்ன நடக்குது இங்க? யாரக் கேட்டு..." என்று கத்தினார். பயணிகள் எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஒரு நர்ஸ், "இதுவரைக்கும் போன சுற்றுலாவுலயே இதுதான் பெஸ்ட்!" என்று கூவினாள்.

"ஏ முதலாளி, பூட்ஸக் கழட்டு" என்றாள் தோன்யா சதுர்னினா.

கழற்றினார்! சத்தியமாகக் கழற்றினார். பேன்ட்டை மடித்துவிட்டால் வெயிலையே பார்க்காத கால். "ஓரமா நில்லுங்க, தோன். வெள்ளைச் சுன்யோன்னு யாராவது பொறுக்கிக் காயப்போட்டுடப் போறாங்க" என்றாள் அவள். எஃப்ராயின் சிரித்துக் குவியலிலேயே விழுந்தான்.

மதியம் மண்கட்டி அடுக்கிய அடுப்பில் சுட்ட கிழங்கு, பாலாடைக்கட்டி, மிளகாய்த் துவையல். குவளை சுற்றி வந்தபோது யுரி முதல் சொட்டைத் தரையில் விட்டான். என் பக்கம் பார்க்காமல்தான் விட்டான். நான் பார்த்தேன்.

அப்புறம்தான் பேச்சு. தோன் மெலிதோன் தொப்பியைக் கழற்றினார். "பாதையத் தொறக்கிறோம். மே மாசத்துலருந்து ஆகஸ்ட் வரைக்கும் சாலைய விட்டு ஒரு சக்கரம் எறங்கக் கூடாது. இன்னொண்ணு, இந்த மண்ணத் தெரிஞ்ச ஆளு முன்னால போகணும். மர்லேனி போகணும்."

"யாரு முன்னால போறதுங்கிறது என் முடிவுங்க" என்றார் தோன் லியோன்சியோ, வெறுங்காலோடு.

"கண்டிப்பா உங்க முடிவுதான். வண்டி உங்களுது. பாதைதான் எங்களுது. வண்டிய வேற எங்க வேணாலும் ஓட்டிக்கோங்க."

தோன் லியோன்சியோ என்னைப் பார்த்தார். பயணிகளைப் பார்த்தார். ஒருவரும் யோசிக்கிற மாதிரி தெரியவில்லை. "சரி, போகட்டும்" என்றார். கூடவே, யுரி திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

"எனக்கும் ஒரு நிபந்தனை இருக்கு, தோன்" என்றேன். "யுரி இருக்கணும். கடைசி வண்டிக்கு நல்லா ஓட்டுற ஆளு வேணும்."

யுரி தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பார்த்தால், சிரிக்கிறான்.

தோன்யா சதுர்னினா பேச்சு முடியக் காத்திருக்கவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு பாறைப் பக்கம் நடந்துவிட்டாள். டச்சுக்காரர் பின்னாலேயே போனார்.

நான்கு மணிக்கு மொராய். மேல் விளிம்பில் நின்று நான் சொன்னேன், நான்தான் சொன்னேன், ஆரம்பம் முதல் கடைசி வரை. விண்கலம் இல்லை. ஒவ்வொரு வட்டத்திலும் ஒவ்வொரு குளிர் என்றதும் பத்துப் பேரும் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். இனி விளக்க என்ன இருக்கிறது?

ஜூன் 23, ஞாயிறு

கிழங்குக் கறையில் கால் விரல் பத்தும் கறுப்பு. நடக்க முடியவில்லை. ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், அம்மா சூப் கொண்டுவந்து கையில் கொடுக்கிறாள்.

ஜூன் 25, செவ்வாய்

முன் வண்டி.

எப்படி எழுதுவது? எதிரே ஒன்றுமில்லை. பாதை, வானம், சிக்கோன் மலை. ஏழு வருஷம் ஓட்டிய பாதையை இன்றுதான் பார்த்தேன், இத்தனை நாள் பார்த்தது முன்வண்டிக்காரரின் முதுகு. மேல்வெளி வந்ததும் வேகத்தைக் குறைத்தேன். பதினொரு வண்டியும் என் பின்னால் குறைத்தன. நான் விரலை அசைத்தால் ஒரு ஊர்வலமே அசைகிறது!

தோன்யா சதுர்னினா காயப்போட்டதைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, சந்தைக்குப் போகிற ஆளை விரட்டுவது மாதிரி, போ போ என்று கை வீசினாள்.

முதல் வளைவு தாண்டியதும் ரேடியோவை எடுத்து அழுத்தினேன். பழக்கதோஷம்:

"கடைசி சரி."

அந்தப் பக்கம் யுரியின் குரல். "மர்லேனி, அத நான் சொல்லணும். நீ கேக்கணும்."

எஃப்ராயின் கொட்டகையிலிருந்து ரேடியோவில் சிரிப்பது கேட்டது. முகமெல்லாம் சூடாகிவிட்டது. நல்லவேளை, முன்னால் யாரும் இல்லை, மலை மட்டும்தான் பார்த்தது. மறுபடி அழுத்தினேன்.

"கடைசி?"

இருமல். தும்மல். இன்னொரு இருமல்.

"கடைசி... சரி."

இன்றைக்கு முப்பத்தெட்டு தடவை கேட்டேன். அவ்வளவு தேவையில்லைதான்.

ஜூலை 9, செவ்வாய்

பத்துப் பேர். ஒருவரும் யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

இன்று மண்ணுக்குச் சாப்பாடு போடுகிற நாள். வண்டி ஓடவில்லை. கொட்டகை வாசலில் குழி வெட்டி, கொக்கா இலை, சோளம், கள் எல்லாம் வைத்தோம். குழி வெட்டியது யுரி. இலையில் நல்லதாக மூன்று எப்படிப் பொறுக்க வேண்டும் என்று கேட்டான், காட்டினேன். தோன் லியோன்சியோ பூட்ஸோடு கிட்டே வந்தார், எல்லோரும் அவர் காலைப் பார்த்தோம், தானாகவே நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

மாலையில் தோன்யா சதுர்னினா ஒரு சின்ன மூட்டையோடு வீட்டுக்கு வந்தாள். இந்த வருஷத்துச் சுன்யோ. "உன் காலுக்கு" என்று என் மடியில் வைத்துவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் போய்விட்டாள். டச்சுக்காரருக்கு என்று தனியாக ஒரு பொட்டலம் இருந்தது. அவர் விலாசத்தை எங்கே தேடுவேன்?

அம்மா அதிலேயே சூப் வைத்தாள். மூன்றாவது வாயில் பல்லில் நறுக்கென்று ஒரு மணல்.

"உன் வண்டிச் சக்கரத்து மண்ணு" என்றாள் அம்மா.

துப்பவில்லை. விழுங்கிவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டேன்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் பின்பக்கம் போனபோது அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழ்ப் பாதி பூசியிருக்கிறது, மேல் பாதி அப்படியே.

"இப்பல்லாம் நீ மூஞ்சி கழுவுற தண்ணியில ஒண்ணுமே இல்ல" என்றாள். "அந்த யுரியை ஒரு நாலு நாள் இங்க வந்து கழுவச் சொல்லு."